பிராசஸருக்குச் சந்தனம்

திண்டிவனத்தில் ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்த இரண்டு பையன்களில் ஒருவன் மடியில் கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது. விழுப்புரத்தில் ரிப்பேருக்குக் கொடுக்கப் போவதாகப் பஸ் கண்டக்டரிடம் சொன்னான். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் நண்பனிடம் வாயைத் திறந்தான்.

"பிராசஸருக்குச் சந்தனம் பூசிட்டேன்டா மச்சான்."

"இன்னாத்துக்குடா?"

"பழைய பிராசஸர். கேம் திக்கித் திக்கி ஓடுச்சு. நெட்ல பாத்து ஸ்பீட ஏத்துனேன். சூடாவும், மேல சூடு எறக்குற பேஸ்ட் தடவுன்னு போட்டிருந்தான். பேஸ்டுக்கு எங்க போறது? ஆயுத பூஜைக்கு அரைச்ச சந்தனம் மிச்சம் இருந்துச்சு. குளிர்ச்சிதானேன்னு தடவிட்டேன்."

"ஓடுச்சா?"

"கொஞ்ச நேரம் பறந்துச்சு. நானும் பெரிய இஞ்சினியர்னு நெனச்சிக்கினு உக்காந்திருந்தேன். அப்புறம் சந்தனம் காஞ்சு, கருகி, எல்லாம் ஆஃப். அக்கா காலேஜ் ப்ராஜெக்ட் வேற அதுலதான் இருக்கு."

"வீட்ல சொல்லிட்டியா?"

"எங்க சொல்றது? வாசனை புடிச்சிக்கினு அம்மா வந்தாங்க. புள்ளைக்கு பக்தி வந்துடுச்சுன்னு கம்ப்யூட்டரைக் கும்பிட்டுப் போனாங்க."

"நீ இன்னா பண்ண?"

"நானும் கும்பிட்டேன். ஆயுத பூஜை அன்னிக்குக்கூட அப்படிக் கும்பிடலடா."