வெள்ளிக்கிழமை கதவு திறக்கும்

ஐயா,

செவ்வாய்க்கிழமை கதை மீட்டிங் அறையில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அதையே முதலில் எழுதிவிடுகிறேன். ஜன்னலோரம், ஏசிக்கு நேர் கீழே முதலாளி. அவருக்கு வலப்பக்கம், முதுகு வலிக்கென்று தனியாக வாங்கிய நாற்காலியில் டைரக்டர். தரையில் வசனகர்த்தா, உட்கார்ந்தால் கற்பனை வராது என்று பாதி நேரம் படுத்திருப்பார். இரண்டு பேர் உட்காரும் சோபாவில் கதாநாயகி ஒருத்தி மட்டும், பக்கத்து இடத்தில் அவள் கைப்பை. கதவோரம் ஸ்டூலில் நான். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. ஆடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு ஒரு காகிதத்தை எட்டாக மடித்து அடியில் வைத்தேன். பிறகு ஆடவில்லை.

எங்கள் தொடரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஏழை வீட்டுப் பெண் ஒருத்தி பணக்காரக் குடும்பத்துக்கு மருமகளாகப் போகிறாள். மாமியார் படுத்துகிறாள், நாத்தனார் மூட்டிவிடுகிறாள், புருஷன் பேப்பர் படிக்கிறான். இவள் பொறுத்துக்கொள்கிறாள். ஆறு வருடமாக இதுதான் கதை. இதைப் பார்த்துவிட்டு வாரம் இருநூறு பெண்கள் கடிதம் எழுதுவார்கள். நடிகைக்கு அல்ல, மருமகளுக்கு. அப்படி ஒரு வீடு இருக்கிறது, அதில் அவள் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று நம்பி எழுதுவார்கள். பதில் போடுவது என் வேலை. இடது மூலையில் அவள் படம் அச்சடித்த உறை, அதே போலத் தாள். கீழே ‘உங்கள் மருமகள்’ என்று என் கையெழுத்து. கடிதம் வந்த மூன்றாம் நாளுக்குள் பதில் போய்விட வேண்டும் என்பது நானே எனக்கு வைத்துக்கொண்ட சட்டம். என்னை அங்கே தபால் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் யாருக்கும் தெரியாது.

நடிகை ஒரு கடிதத்தைக்கூடப் படித்ததில்லை. ஒருமுறை என் கட்டைப் பார்த்து, “தபால் சார், இவங்கல்லாம் லூசா?” என்றாள்.

“இல்லம்மா. உங்களை நம்புறவங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே.”

அவள் சொன்னதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

இனி, நீங்கள் கேட்ட அந்தப் பெண். எழுதுகிறவர்களைப் பற்றி நான் குறித்துவைக்கும் அட்டையில் அவள் பெயர் ‘மூன்று மாடி’. அப்பா தையல்காரர். மூன்று மாடி வீட்டுக்காரர்கள், வசதியான இடம், தானாக வந்து பெண் கேட்டது என்று தெருவே வாயைப் பிளந்ததாம். முதல் கடிதத்தில், விருந்தாளி வந்தால் தன்னை மாடிப்படியில் உட்காரச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். மீட்டிங்கில் வாசித்தேன். டைரக்டர் தொடையில் தட்டினார். அடுத்த வாரமே எங்கள் மருமகள் மாடிப்படியில் உட்கார்ந்தாள். பார்ப்பவர்கள் எண்ணிக்கை ஏறியது. அதற்குப் பிறகு டீ வருகிறதோ இல்லையோ, “மூணு மாடி ஏதாச்சும் எழுதியிருக்காளா தபால்?” என்ற கேள்வி வந்துவிடும்.

நல்ல எழுத்து அவளுடையது. அழுகை புலம்பல் கிடையாது, நடந்ததை நடந்தபடி எழுதுவாள். வசனகர்த்தா ஆறு வருடத்தில் எழுதாததை அவள் ஒரு பக்கத்தில் எழுதிவிடுவாள். ஒவ்வொரு பதிலின் முடிவிலும், ‘பொறுமையாக இரு, அடுத்து என்ன நடந்தது என்று எழுது’ என்று முடிப்பேன். அவளும் தவறாமல் எழுதுவாள்.

இரண்டு தடவை, அண்ணன் வந்து கூப்பிடுகிறான், போகட்டுமா என்று கேட்டாள். போக வேண்டாம் என்று எழுதினேன். யோசித்துப் பாருங்கள். அண்ணன் வீட்டுக்குப் போனால் அவளிடம் எழுத என்ன இருக்கும்? அண்ணன் பிள்ளைகளுக்குச் சளி என்று எழுதுவாள்.

பிறகு ஃபிரிட்ஜ் கடிதம் வந்தது. மாமியார் ஃபிரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறாள், சாவியில் நீல நூல் கட்டி இடுப்பில் சொருகியிருக்கிறாள். “நீல நூலை மட்டும் விட்டுடாதீங்கய்யா, அதுலதான் உயிரே இருக்கு” என்றார் டைரக்டர். மற்ற எதையும் எடுக்கும்போது கொஞ்சம் மாற்றுவோம். நூலை மாற்றவில்லை. அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே ஹாலில் உட்கார்ந்துதான் எங்கள் தொடரைப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அட்டையில் குறித்தும் வைத்திருந்தேன். டைரக்டரிடம் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த கடிதம் நாலே வரி. ‘அத்தை டிவியைப் பார்த்தாங்க. அப்புறம் சாவியைத் தடவிப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க. பயமா இருக்கும்மா, வியாழக்கிழமை அண்ணனை வரச் சொல்லி அவனோட போயிடவா?’

புதன்கிழமை அவள் கைக்குக் கிடைக்கும்படி பதில் போட்டேன். கேட்டில் இருக்கும் பெட்டியிலிருந்து தபால் எடுத்து வருவது அவள் வேலை, அதனால் யார் கண்ணிலும் படாது. ‘இத்தனை நாள் பொறுத்தவள் இப்போது படி இறங்கினால் பொறுத்ததெல்லாம் வீண். நான் போனேனா?’ என்று கேட்டிருந்தேன். அந்தக் கடைசி இரண்டு வார்த்தை நன்றாக விழுந்திருந்தது. அவள் அண்ணனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அவளுடைய கடைசிக் கடிதம் திங்கட்கிழமை வந்தது. என் பதில் தாளின் பின்பக்கத்திலேயே எழுதி, ஜன்னல் கம்பி வழியாக இஸ்திரிக்காரரிடம் போட்டிருக்கிறாள். பாவம், அவர் தன் காசில் உறை வாங்கி அனுப்பியிருக்கிறார். ‘சனிக்கிழமையிலேருந்து மொட்டை மாடி ரூம்ல வெச்சுப் பூட்டியிருக்காங்க. தகரக் கூரை. ஒரு சொம்பு தண்ணிதான் வெச்சாங்க. அண்ணனுக்கோ போலீசுக்கோ சொல்லுங்கம்மா.’ கீழே அண்ணனுடைய ஃபோன் நம்பர். பத்து எண்களும் தெளிவாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை மீட்டிங்குக்கு அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். வாசிக்கத்தான் போனேன். ஆனால் வாசித்தால் என்ன ஆகும்? முதலாளி பயந்த சுபாவம், உடனே உங்கள் ஸ்டேஷனுக்கு ஃபோன் போடுவார். நடிகை வாயைப் பொத்திக்கொள்வாள். எல்லாரும் காபி குடித்துக்கொண்டு ஐயோ பாவம் என்பார்கள். மூன்று மாடி அன்றோடு முடிந்தது.

அன்றைக்குப் பார்த்து அவர்களிடம் கதை இல்லை. டைரக்டர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். “மூணு மாடி கைவிட்டுட்டாளா?”

“இந்த வாரம் எழுதலை சார். ஆனா எங்கிட்ட ஒண்ணு இருக்கு.”

“தபால் கதை சொல்றாரு, நான் போய் ஸ்டாம்ப் ஒட்டறேன்” என்று தரையிலிருந்து வசனகர்த்தா சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, நான் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மாடி அறையில் மருமகளைப் பூட்டுகிறார்கள். அவள் கத்தவில்லை, கதவைத் தட்டவில்லை. வெள்ளிக்கிழமை மாமியார் தானாகவே மனம் தாங்காமல் படியேறி வந்து, நீல நூல் கட்டிய சாவிக்கொத்தை எடுத்துக் கதவைத் திறந்து, அவள் காலடியில் உட்கார்ந்து அழுகிறாள்.

டைரக்டர் நகம் கடிப்பதை நிறுத்தினார். முதலாளி நடிகையைப் பார்த்தார். “அந்தப் பையை எடும்மா. தபால் இங்க வந்து உட்காரட்டும்.”

ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்த சோபாவில் உட்கார்ந்தேன். மெத்தென்றிருந்தது. ஸ்டூலுக்கு அடியில் வைத்த காகிதம் எது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம்பர் எழுதிய பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்திருந்தேன்.

நான் அவளைக் கைவிட்டதாக நினைக்காதீர்கள். அன்று மாலையே அவளுக்குப் பதில் எழுதினேன்: ‘மகளே, வெள்ளிக்கிழமை வரை பொறு. கதவு தானாகத் திறக்கும்.’ மாமியார் வெள்ளிக்கிழமை எங்கள் தொடரைப் பார்ப்பாள். நூலைப் பார்த்துத் தன்னை அடையாளம் கண்டவள், கதவையும் பார்த்து அடையாளம் காண்பாள், மனம் இளகுவாள். என் கணக்கில் தப்பில்லை. வெள்ளிக்கிழமை ஃபைனல் மேட்ச் என்று சேனல்காரன் தொடரைத் தள்ளிவைத்தான். அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மாடி அறைக் கதவை உடைத்து அவள் உடலை இறக்கினீர்கள். கேட் பெட்டியில், பிரிக்காத என் உறை உங்கள் ஆட்கள் கையில் கிடைத்தது. மூலையில் நடிகையின் படம் இருந்ததால் அவளைக் கூப்பிட்டு விசாரித்தீர்கள். அவளும் எல்லா சேனலிலும் அழுதாள். கிளிசரின் இல்லாமல் அவள் அழுது நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. ‘அந்த வரிகள் என் மனதைப் பிழிகின்றன’ என்கிறாள். அந்த வரிகளில் ஒன்றைக்கூட அவள் எழுதவில்லை, ஐயா. ‘நான் போனேனா’ என்று எழுத அவளுக்கு ஏழு பிறவி வேண்டும். எழுதியவன் நான். அந்தப் பெண்ணை அந்த வீட்டில் இருக்கவைத்ததும், கடைசிக் கடிதத்தை மறைத்ததும் நான்தான். இதைத் தெளிவாகச் சொல்லவே இந்தக் கடிதம்.

தள்ளிப்போன எபிசோடைத் திங்கட்கிழமை போட்டார்கள். நேரம் கிடைத்தால் பாருங்கள். மாமியார் கதவைத் திறக்கும் இடம் நன்றாக வந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த கடிதங்களுக்கு இப்போதுதான் பதில் எழுதி முடித்தேன். மாமியார் மனம் மாற எவ்வளவு நாள் காத்திருக்கலாம் என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள். இன்னும் கொஞ்சம் பொறு என்று எழுதியிருக்கிறேன்.

வீட்டில் சாதா உறை இல்லை, அவள் படம் போட்டதுதான் இருக்கிறது, மன்னிக்கவும். பசை காய்ந்ததும் உங்களுடையதையும், எவ்வளவு நாள் என்று கேட்ட பெண்ணுடையதையும் ஒன்றாகவே பெட்டியில் போட்டுவிடுவேன். நீங்கள் கேட்டு இது மூன்றாம் நாள். பதிலுக்காக நான் யாரையும் காக்கவைத்ததில்லை.