புகை தெரியாத நாக்கு

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது, ஐயா. டீக்கே அரை ஸ்பூன் சர்க்கரைதான்.

அன்று மாமனார் வீட்டு மாடியறையில் சகலை ஒரு ஸ்காட்லாந்து சிங்கிள் மால்ட்டைத் திறந்தார். சதுப்பு நிலத்து மண்கட்டியை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்திச் செய்கிற விஸ்கியாம். மூத்த மாப்பிள்ளை எதை நீட்டினாலும் மாமனாருக்கு அமிர்தம். நான் நீட்டினால் பச்சைத் தண்ணீரிலும் குறை கண்டுபிடிப்பார்.

"புகை தெரியுதா, சகலை?"

"தெரியலைங்க."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "வீடு வீடா புகை அலாரம் மாட்டுறதுதான் இவரு பொழப்பு. இவருக்கே புகை தெரியலையாம்," என்றார் மாமனார். எனக்கு வலித்தது. தெரிகிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தொழில் விஷயத்தில் எனக்குப் பொய் வராது.

கீழே போய்க் கூடத்து சோபாவுக்குத் தீ வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க அசல் புகை கொஞ்சம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பெண்கள் கடைக்குப் போயிருந்தார்கள். தேவையில்லாமல் யாரையும் தொந்தரவு செய்வது எனக்குப் பிடிக்காது. அலாரத்தின் பேட்டரியையும் கழற்றிவிட்டேன். ரசித்துக் குடிக்கிறவர்கள் காதருகே அது கத்தினால் நன்றாகவா இருக்கும்?

திரும்பி வந்தபோது சகலை கண்களை மூடியிருந்தார்.

"இப்பதான் மாமா நல்லா வருது. கம்பளி கருகுற வாசனை."

சரியாகத்தான் சொன்னார். சற்றுப் பொறுத்து, வார்னிஷ் என்றார். அது அலமாரி. மாமனார் இருமிக்கொண்டே, "வயர் எரியற மாதிரியும் இருக்கு மாப்ளே. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, என்னா சரக்கு," என்றார். கிழவருக்கும் ருசி தெரியும் என்று அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

"இப்பவாச்சும் தெரியுதா, சகலை?"

"நல்லாவே தெரியுதுங்க."

மாமனார் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை. மனசு நிறைந்துவிட்டது. எழுந்திருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், மறைக்கவில்லை. ஆனால் சொன்னால் புகை வந்த வழி தெரிந்துவிடும். கிடைத்த மரியாதை கையைவிட்டுப் போகும்.

நான் கிளம்பினேன். சகலை கண்ணைத் திறக்காமலே, "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க. வாசனை வெளிய போயிடும்," என்றார்.

வயதில் மூத்தவர் பேச்சை நான் தட்டுவதில்லை. கதவைச் சாத்தச் சொன்னது அவர்தான், அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பூட்டியது மட்டும்தான் நான்.