சேலைக் கம்பத்துச் சிலம்பாயி

வேன் பாலத்தைத் தாண்டுறதுக்குள்ள சொல்லிருறேன், கேளுங்க. பாய்மரத் தோணி ஓடின காலம். நம்ம கோட்டைக்கரட்டுல சிலம்பாயின்னு ஒருத்தி இருந்தாளாம். கண்மாய்த் தண்ணியிலயே வளந்தவ. கடலைப் பாத்ததில்ல. ஒருநாள் புருசன் சடையாண்டிய நச்சரிச்சு வண்டி கட்ட வச்சாளாம். விடிய முன்ன கெளம்பி, கடலைப் பாத்துட்டு, பொழுது சாய ஊரு திரும்பணும். அதான் பேச்சு.

ஓடைக்கரைப்பட்டினத்துல வண்டிய அவுத்தாகளாம். பண்டகசாலை என்ன, மூட்டை என்ன, ஏலக்கா வாசம் என்ன. சிலம்பாயிக்குக் காலு தரையில நிக்கலையாம். இன்னும் நல்லாப் பாக்கணும்னு கொடிக்கம்பம் நட்ட மணல்மேட்டுல விறுவிறுன்னு ஏறிட்டாளாம்.

தூரத்துல ஒரு தோணி வருது. பாய் புடைச்சுக்கிட்டு வருது. எட்டு மாசம் கழிச்சு வீடு திரும்புற பதினாலு பேரு அதுல இருக்காக. ஊரே கரையில நின்னு கை தட்டுது.

சிலம்பாயி தண்ணியப் பாத்தாளாம். தோணி வர்ற வழியில ஒரு எடம் மட்டும் வெளிறிக் கெடக்கு, அலை சுருண்டு சுருண்டு விழுது. கண்மாயில மண்ணு மேடு தட்டுனா இப்படித்தான இருக்கும்? போன மழையில ஆத்து வெள்ளம் கொண்டாந்து கொட்டின மணலு அது. கரையில நின்னவுகளுக்குத் தெரியல.

ஓடி எறங்கிச் சொன்னாளாம். கடலையே இன்னைக்குத்தான் பாக்கிற, நீ எங்களுக்குச் சொல்லித் தாரியான்னு சிரிச்சாகளாம்.

கோயிலுக்குக் கட்டிக்கலாம்னு கொண்டாந்த புதுச் செவப்புச் சேலை வண்டியில இருந்துச்சாம். அதை எடுத்துக்கிட்டு மறுபடி மேட்டுக்கு ஓடினாளாம். கொடிக்கயித்துல முடிஞ்சாளாம். பின்னாலயே ஓடியாந்த சடையாண்டிகிட்டச் சொன்னாளாம்:

"அவுக சிரிக்கட்டும். நீ கயித்த இழு."

இழுத்தாகளாம், இழுத்தாகளாம், உள்ளங்கை பொத்துப்போக இழுத்தாகளாம். சேலை காத்துல படபடன்னு விரிஞ்சுச்சாம்.

தோணிய நடத்தி வந்த தண்டல் மீராசா பாத்தாராம். கம்பத்துல என்னைக்கும் இல்லாத செவப்பு ஏறுதே, என்னமோ ஆபத்துன்னு பாய எறக்கி நங்கூரம் போட்டாராம். ஓடத்துல ஆள் அனுப்பிக் கழிய ஊனிப் பாத்தா, எதுக்கால முழங்கால் தண்ணிதானாம்.

மீராசா எறங்கினதும் நேரா அவகிட்டத்தான் வந்தாராம்.

"பதினாலு வீட்டுல இன்னைக்கு அடுப்பு எரியுறது உன்னாலதான் தாயி. என்ன வேணும், கேளு."

"பொழுது சாய நாங்க ஊரு போகணும். அதுக்குள்ள ஒருக்கா என்னையக் கடல்ல ஏத்திட்டுப் போங்க."

ஏத்திட்டுப் போனாகளாம். சிரிச்சவுகளே துடுப்புப் போட்டாகளாம். துறைய மூணு சுத்துச் சுத்தியும் எறங்க மாட்டேன்னுட்டாளாம். சடையாண்டி கரையில நின்னு, மாடு தவிச்சுப்போச்சுன்னு கத்துறானாம்.

அன்னையிலருந்து அது சேலைக் கம்பம். வருசத்துல இந்த ஒரு நாள் அதுல செவப்புச் சேலை ஏறும். நம்ம ஊர்ப் பொம்பளை ஒருத்தி படகேறித் துறையச் சுத்தி வராம, எந்தப் படகும் கடலுக்குப் போகாது. அந்தா தெரியுது பாருங்க, சேலை ஏறிருச்சு. படகுக்காரவுக நமக்காகத்தான் காத்துக்கிட்டு நிக்காக. ஏத்தா, இந்த வருசம் யாரு ஏறப்போறது?