டாங்கிக்குக் கேட்ட கை

வேணும்னே ஒடச்சுக்கிட்டாகன்னு மட்டும் எழுதிராதீக, அவில்தாரய்யா. எங்க வீட்டுக்காரரு மரியராஜு அப்பிடி ஆளு இல்ல. பட்டாளத்துக்குப் போகணும்னு நேத்தே சட்டையத் தொவச்சுப் போட்டவுக. ஆமா, வலது கைதேன். மணிக்கட்டு. உள்ள கட்டுப்போட்டுப் படுத்திருக்காக. செத்த இருங்கய்யா, நாஞ் சொல்லிர்றேன்.

இந்த ஓடப்பட்டிக்கு மொத டிராக்டரு வந்தப்ப அவுகதேன் ஓட்டுனாக. பண்ணை மொதலாளி வாங்குன வண்டி. கூட வந்த கம்பெனிக்காரரு ஒரு பகலு பூராம் பெருமை பேசுனாரு. அந்தக் கம்பெனி சீமையில கொழு அடிக்கிற கொல்லப் பட்டறையாத்தேன் இருந்துச்சாம். கொல்லன் மகன் நீராவி எஞ்சின் செஞ்சானாம், பேரன் இந்த வண்டியச் செஞ்சானாம். தலைமொற தலைமொறயா மண்ணுக்கே ஒழச்ச கம்பெனின்னாரு. கேக்க நல்லாத்தேன் இருந்துச்சு.

இப்ப சண்ட வந்ததும் அதே பட்டறையில டாங்கி செய்யிறாகளாம். இங்க நம்ம டிராக்டருக்குக் கியரு ஒடஞ்சுபோச்சு, சாமான் கேட்டா வரல. எஞ்சின் மட்டும் ஓடும், வண்டி கொட்டாயில கெடக்கு. வண்டி வேணாம், ஓட்டுன ஆளு மட்டும் ஒங்களுக்கு வேணும். ரெண்டும் ஒரே கம்பெனி, டாங்கியும் சுளுவாப் பழகிருவான்னு நீங்கதேன சொன்னீக? எங்கண்ணன் பீட்டர்ராசும் பட்டாளத்தோட சிங்கப்பூருக்கு அப்பிடித்தேன் சுளுவாப் போனான். உசுரோட இருக்கானா இல்லையான்னு தெரியாம எங்காத்தா மாதா கோயில்லயே கெடக்கா.

என்ன, எப்பிடி ஒடஞ்சுச்சா? போறதுக்கு முந்தி ஒருக்கா எஞ்சின எழுப்பிப் பாத்துட்டுப் போறேன்னாக. முன்னால கைப்பிடியப் போட்டு, பெருவெரலயும் மத்த வெரலோட ஒரே பக்கமாச் சேத்துப் பிடிச்சுச் சுத்தணும். அவுக சுத்துவாக, நான் வண்டி மேல ஏறி லீவரப் பிடிச்சிருப்பேன். எப்பவும் அப்பிடித்தேன். எஞ்சின் எழும்புறவரைக்கும் லீவரு மேலயே இருக்கணும். முன்னாடியே எறக்கிட்டா கைப்பிடி திருப்பி அடிக்கும், கை போயிரும். கம்பெனிக்காரரு சொன்னப்ப நானும் பக்கத்துலதேன் நின்னேன்.

பெருவெரல மாத்திப் பிடிச்சுட்டேன், எந் தப்புதேன்னு அவுக அழுதுக்கிட்டே இருக்காக. அவுக பெருவெரலு சரியாத்தேன் இருந்துச்சுய்யா. லீவர எறக்குனது நாந்தேன். என்னைய ஜெயில்ல போடுங்க, என்னமும் செய்யுங்க. அவுககிட்ட மட்டும் சொல்லிராதீக. அந்தக் கை கூடுறவரைக்கும் நாந்தேன் கஞ்சி ஊட்டணும்.