மடவார்வளாகம் வரை நின்ற குடங்களின் பாராட்டு

ராஜபாளையம், 1998 ஏப்ரல் முப்பது. தண்ணீர் திறந்துவிடும் பணியிலிருந்து இன்று ஓய்வு பெறும் திருமிகு வைகுண்டராஜ் அவர்களுக்கு, எங்கள் தெருக் குழாயடியில் வாசித்தளித்தது.

முதலில் ஒரு சத்தியம். இதோ இந்தக் குழாயின் தலைமேல் வலக்கையை வைத்து, அய்யனார் கோவில் மலையைப் பார்த்து நின்று சொல்கிறோம்: இம்மடலில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டியதில்லை, குறைத்ததில்லை, கண்ணால் காணாததைக் கதையாகக் கட்டியதில்லை. எழுதுகிற தனுஷ்கோடியாகிய நான் இந்தத் தெருவில் மூத்தவன். இத்தனை வயதில் பொய் சொல்லும் அவசியம் எனக்கு நேர்ந்ததே இல்லை. நம்பிக்கை இல்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். போகிறவர்களுக்குக் காராச்சேவும் கலரும் கிடையாது.

தண்ணீர்த் தளபதியே! வால்வுகளின் வள்ளலே! திருகினால் திருவருளும் திறந்தால் பெருவெள்ளமும் தந்த திருக்கரத்தோரே! குடங்களின் குறையறிந்த கோமானே! எங்கள் வைகுண்டராஜ் அவர்களே! வணக்கம், வணக்கம், குடம் குடமாய் வணக்கம்!

உடன் பணியாற்றிய தோழர்கள் நேற்றே தங்களுக்கு மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து, போட்டோ பிடித்துக்கொண்டார்கள். போடட்டும். அவர்கள் தங்களை அலுவலகத்தில் பார்த்தவர்கள். மில் சங்கு ஊதுமுன்னே, ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு, தெரு முனையில் தாங்கள் தோன்றும் காட்சியைக் கண்டவர்கள் நாங்கள் அல்லவா! தெலுங்கு பேசும் நாகம்மா மாடியிலிருந்து "நீள்ளொச்சாயி!" என்று தண்ணீர் வந்த சேதியைக் குரல் கொடுப்பார். அதைக் கேட்டுத் தமிழ்க் குடங்களும் தடதடவென்று ஓடிவரும். ஆகா, என்ன ஓட்டம்! என்ன ஆட்டம்!

எண்பதுகளில் இங்கே பிள்ளைகளாய்த் திரிந்தவர்கள் இன்று போலீசிலிருந்தும் பட்டாளத்திலிருந்தும் பஞ்சாலையிலிருந்தும் லீவு போட்டு வந்து நிற்கிறார்கள், பாருங்கள்! சிலேட்டை அழித்தது இங்கே. முட்டியில் பட்ட காயத்தைக் கழுவிவிட்டு, வீட்டில் சொல்லாதே என்று ஒருவருக்கொருவர் சத்தியம் வாங்கியது இங்கே. சேமியா ஐஸ் உருகி முழங்கை வரை வழிந்ததை, நக்க முடிந்த வரை நக்கிவிட்டு மிச்சத்தைக் கழுவியதும் இங்கே. கிரிக்கெட்டுக்கு ஸ்டம்பு இந்தக் குழாய்தான். போல்டு ஆனால் 'ணங்' என்று தெருவுக்கே கேட்கும். மறுக்க வழியே இல்லை. அப்படியும் மறுத்த பையன் ஒருவன் இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நல்ல வக்கீல்.

அந்நாளில் வரிசையில் ஆள் நிற்பதில்லை, குடம் நிற்கும். குடத்துக்கு வீட்டில் வேறு வேலை இருந்தால் ஒரு கல் நிற்கும். கல்லைத் தள்ளினால் ஆளைத் தள்ளிய மாதிரி. மில் ஷிப்டுக்குப் போன தங்கச்சாமி ஒருநாள் தன் இடத்தில் ஒரு கருங்கல்லை வைத்துவிட்டுப் போனார். வழியோடு போன யாரோ அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டார்கள். ஷிப்டு முடிந்து வந்து பார்த்தால் தன் இடத்தில் கற்பூரம் எரிகிறது! கல்லை நகர்த்தலாமா என்று பூப்போட்டுப் பார்த்தோம்; உத்தரவாகவில்லை. தங்கச்சாமி சாமிக்குப் பின்னால் இரண்டாம் ஆளாகக் கைகட்டி நின்றார். முறை தவறாத முதல்வரே, தாங்கள் என்ன செய்தீர்கள்? சாமியின் முறை வந்ததும் அபிஷேகம் செய்துவிட்டு, "அடுத்து!" என்றீர்கள்.

குருசாமி அண்ணாச்சியின் வெள்ளை நாயையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்ச் சாதி நாய். மற்ற ஊர் நாய்களைப் போல் தரக்குறைவாகக் கடிக்காது. வரிசை தாண்டி வருகிறவரின் வேட்டியை மட்டும் உருவிக்கொண்டு போய்க் கடைசிக் குடத்தின் மேல் போட்டுவிடும். வேட்டி வேண்டுமென்றால் அவர் அங்கே போய்த்தானே ஆக வேண்டும்!

தண்ணீர் வருமுன்னே அதன் வரவுரைத்த வித்தகரே! குழாயில் தாங்கள் காதை வைத்தால் தெருவே மூச்சை அடக்கும். "ஆறாவது மைல் தாண்டிட்டு" என்பீர்கள். செத்த நேரம் கழித்து, "பஞ்சு மார்க்கெட் பக்கம் திரும்புது" என்பீர்கள். ஒருநாள் காதை எடுக்காமலே, "சீனியம்மாக்கா, புளியக் கரைச்சு வையுங்க, ஒரு கெண்டை வருது" என்றீர்கள். எங்கள் தெருவை ஆண்ட சீனியம்மாள் அப்படியே கரைத்து அடுப்பில் ஏற்றினார். குழம்பு கொதிக்கவும் கெண்டை வரவும் சரியாக இருந்தது. நானும் சாப்பிட்டேன். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.

அந்தச் சீனியம்மாளின் மகன்தான் கருத்தப்பாண்டி. எண்பத்திரண்டு கோடையில் அவன் இந்தக் குழாயின் மேல் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருக்கையில், தாங்கள் ஏதோ உற்சாகத்தில் வால்வை முழுத்திருகு திருகிவிட்டீர்கள். குழாயின் தலை கழன்று தண்ணீர் மேலே பீய்ச்ச, அதோடு எழும்பிய பிள்ளை மச்சு வீட்டு மொட்டைமாடி உயரத்தில் போய் நின்றான். பல் விளக்குவதை நிறுத்தவில்லை.

"ஏலே, எறங்கி வாலே! பள்ளிக்கூடத்துல மணி அடிச்சிட்டான்!" என்று கீழிருந்து தாய் கத்தினார்.

"யம்மோவ், மணி அடிக்கிற ஆளு இங்கனருந்து நல்லாத் தெரியுதாரு. இன்னும் டீதான் குடிச்சிக்கிட்டிருக்காரு!" என்று மேலிருந்து மகன் பதில் சொன்னான்.

தாங்கள் சாவியை நூல் நூலாகத் திருகிப் பிள்ளையைப் பூப்போலத் தரையில் இறக்கினீர்கள். இன்று அவர் பட்டாளத்தில் ஹவில்தார். எவ்வளவு உயரமான மலையில் நிறுத்தினாலும் இந்த மனிதருக்குத் தலை சுற்றுவதில்லையே என்று மேலதிகாரிகள் வியக்கிறார்களாம். எங்களுக்கு அதில் வியப்பில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த எங்கள் வாழ்வில், எண்பத்தாறு சித்திரையில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி வெளியூர்க்காரர், புதியவர், நல்ல மனிதர். அவர்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. குழாயைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது ஆள் வராத குழாய்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமை நேர்ல வந்து பார்ப்பேன். கூட்டம் இருந்தா இருக்கட்டும். இல்லேன்னா குழாயைப் பிடுங்கிட்டு, இவரை மலையடிவாரத் தொட்டிக்கு மாத்திடலாம்."

ஆள் வராத குழாயாம்! கேட்ட தெரு கொதித்தது! ஆனால் தாங்கள் கொதிக்கவில்லை. பெற்றவரும் உடன்பிறந்தவரும் இல்லாமல், திங்கட்கிழமை ஒரு வீட்டுக் கம்பஞ்சோறு, செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டுக் கருவாட்டுக் குழம்பு என்று இந்தத் தெருவிலேயே உண்டு வாழ்ந்த தாங்கள், "எனக்கென்ன, ஒத்தக் கட்டை. அங்கன கெடந்தா என்ன, இங்கன கெடந்தா என்ன" என்றீர்கள். சொல்லிவிட்டுச் சாவியைப் போட்டு எதிர்ப்பக்கம் திருகினீர்கள். அன்றுவரை தங்கள் கை பக்கம் மாறி நாங்கள் பார்த்ததில்லை.

சீனியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன் தம்பி, அங்கன போயி யாருக்குத் தண்ணி தொறந்துவிடப் போற, கொரங்குக்கா? அதுக ஒனக்கு ஒரு வாய்ச் சோறு போடுமா?" என்றார். அவர் தெருவைப் பார்த்துத் திரும்பி, இடுப்பில் கைவைத்து ஒரு சத்தம் போட்டார்: "ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? எம்புட்டுக் குடம் இருக்கோ அம்புட்டையும் வெளிய எடுங்கட்டி!"

எடுத்தோம் அய்யா, எடுத்தோம்! கல்யாணச் சீரில் வந்து பரணில் படுத்திருந்த பித்தளைக் குடங்கள். புதிதாய் வந்து பூரித்து நின்ற பிளாஸ்டிக் குடங்கள். எவர்சில்வர், மண்பானை, அண்டா, தூக்குவாளி. கூமாப்பட்டிச் சொந்தக்காரர்கள் பஸ் கூரையில் கட்டி அனுப்பிய குடங்கள்! வியாழக்கிழமை மாலை வரிசை தெருவைத் தாண்டியது. வெள்ளி விடியலில் பஞ்சு மார்க்கெட்டைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறியது. பஸ்கள் குடங்களுக்கு ஹாரன் அடித்தன, கண்டக்டர்கள் "செகப்புக் குடம் ஸ்டாப் எறங்கு!" என்று கூவினார்கள். வழியெல்லாம் வேறு ஊர்க்காரர்களும் எதற்கு என்று கேட்காமல் குடம் வைத்தார்கள். இருக்கிற வரிசையில் சேர்ந்துவிட்டு அப்புறம் கேட்பதுதானே நம் பக்கத்து வழக்கம்! சிலர் பால்கோவா என்று நினைத்தார்கள், சிலர் சினிமா டிக்கெட் என்று நினைத்தார்கள்.

அதிகாரி வந்தார். சித்திரை வெயிலுக்காக எல்லா வீட்டுக் கதவுகளையும் இறுகச் சாத்திவிட்டு நாங்கள் வாசலில் நின்றோம். வரிசையின் கடைசியைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஜீப்பைத் திருப்பினார். போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகத்தில்தான் கடைசிக் குடம் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெண்மணி. பால் கறந்து ஊற்றித் தனியாகப் பிழைத்துவந்த மாடத்தி.

"ஏம்மா, குழாய் எங்க இருக்கு?" என்று அதிகாரி கேட்டார்.

"ராசபாளையத்துல சார்."

"அதுக்கு இங்கயா நிக்கிறே?"

"அவசரம் ஒண்ணுமில்ல சார், வரிசை நவுந்துக்கிட்டுத்தான இருக்கு. காலைல கோபுரத்துக்குக் கீழ நின்னேன். அதுக்குள்ள மடவார்வளாகம் வந்துட்டன்லா?"

திரும்பி வருவதற்குள் ஜீப்பின் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. டிரைவர் கேனோடு குழாயடிக்கு ஓடிவந்தார். "வரிசைல வாங்கய்யா. கேனைக் கொண்டுபோயிக் கடைசில வையுங்க" என்றார் சீனியம்மாள்.

"கடைசி ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கே தாயி!"

"அதுக்கு? ஜீப்புதான் இருக்குல்லா, போயிட்டு வாங்க."

வெள்ளை நாய் டிரைவரின் பேண்டை ஒரு பார்வை பார்த்தது. அந்த இக்கட்டில், தாங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து ஜீப்புக்கு ஊற்றினீர்களே, ஈரநெஞ்சரே! அதில்தான் அதிகாரி தங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"வைகுண்டராஜ், உண்மையைச் சொல்லும். இந்தச் சனங்களுக்கு இதை விட்டா வேற தண்ணி இருக்கா, இல்லையா?"

தாங்கள் வாழ்நாளில் பொய் பேசியதில்லை. அது எங்களுக்குத் தெரியும். அதுதான் எங்கள் பயமே! சாவியைத் துடைத்தீர்கள். மலையைப் பார்த்தீர்கள். பிறகு, "சார்... வரிசையப் பாருங்க" என்றீர்கள்.

அவர் பார்த்தார். குடங்கள் வெயிலில் மினுங்கின. "குழாய் இருக்கட்டும். இந்த ஆளும் இங்கயே இருக்கட்டும்" என்றார். ஆகா! அன்று தெருவில் வெடித்த வெடிக்குச் சிவகாசியிலிருந்து ஆள் வந்து, யார் சரக்கு என்று விசாரித்துப் போனார்கள்!

மாலையே அவரவர் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டோம். மடவார்வளாகத்தில் நின்றவருக்குச் சொல்ல எல்லோரும் மறந்துபோனோம். முன்னால் ஆளில்லை, ஆகவே வரிசை நகர்கிறது என்று அவர் நகர்ந்து நகர்ந்து, மறுநாள் உச்சிவெயிலில் குடத்தோடு இங்கே வந்து நின்றார். அது தண்ணீர் விடும் நேரம் அல்ல. நேரம் தவறாத நேர்மையாளரே, அன்று ஒருநாள் தவறினீர்கள்! வால்வைத் திறந்து, குடத்தைத் தாங்களே நிரப்பித் தூக்கிக் கொடுத்தீர்கள். அவர் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இம்புட்டுத் தூரம் வந்தவளுக்கு ஒரு குடம் தண்ணிதானா?"

ஆவணியில் கல்யாணம். இதே தெருவில்தான் பந்தல். மாடத்தி, தலையைக் குனியாதே தங்கச்சி! அன்று கேட்டவள் நீதானே, இன்று இந்தக் குழாயடி மேடையில் அவர் பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்!

அன்பின் ஊற்றே! இனிச் சாவி தோளில் இல்லையென்றாலும் தோள் சாயாது வாழ்க! முழங்கால் துருப்பிடிக்காமல், ரத்தக் குழாயில் அடைப்பு வராமல், கண்ணில் ஆனந்தம் தவிர வேறு கசிவு காணாமல், நூறு கோடை கண்டு வாழ்க! திங்கட்கிழமைக் கம்பஞ்சோறும் செவ்வாய்க்கிழமைக் கருவாட்டுக் குழம்பும் முன்போலவே வரும். இனி இரண்டு தட்டாக வரும். வராத வீட்டைச் சீனியம்மாள் பார்த்துக்கொள்வார்.

இவ்வண்ணம் கைகூப்பும் குழாயடி மக்கள்:
சீனியம்மாள், குருசாமி, தங்கச்சாமி, நாகம்மா, ஹவில்தார் கருத்தப்பாண்டி, மற்றும் தெருவார் அனைவருக்காகவும் தனுஷ்கோடி.

எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்குள்ளும் எழுபத்தொன்பதாம் ஆண்டே தனிக்குழாய் வந்துவிட்டது. ஒன்று விடாமல் மாட்டிக் கொடுத்தவர் தாங்கள்தான், எந்தக் கோடையிலும் அவற்றில் தண்ணீர் வரத்து நின்றதில்லை.