ரோச் பெயருக்கு நேரே

“ஹலோ... ஈவாஞ்சலின் டீச்சரா? நான் புன்னைக்காயல் பேபி பேசுதேன்... ஆமா, ஒம்பதாங்கிளாஸ் ஜெஸ்லின் அம்மாதான்... நல்லாருக்கேன் டீச்சர். நீங்க நல்லாருக்கியளா டீச்சர்?”

கோபம் வந்தால் பேபிக்கு முதலில் மரியாதைதான் கூடும். அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பது வேறு விஷயம்.

“ஆமா... ஆமா, அந்தக் கம்ப்யூட்டர் வீட்டுப்பாடம்தான். வீட்டு ஆளுங்க பேரை எழுதி, உசுரோட இருந்தா ட்ரூ, இல்லன்னா ஃபால்ஸ்னு போடச் சொன்னியளாம்... சரி. அவளுக்கு ட்ரூ போட்டா, எனக்கும் ட்ரூ போட்டா. அவ அப்பா ரோச் பேருக்கு நேர ஒண்ணும் போடல... ஆமா, எரர் வந்துச்சு, எல்லாம் சொன்னா... இருங்க டீச்சர், நான் பேசி முடிச்சிக்கிடுதேன்! புரோகிராம் ஓடணும்னு நீங்களா அங்கன ஃபால்ஸ்னு அடிச்சிருவியளோ?”

ஜெஸ்லின் பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றாள். உள்ளே போ என்று பேபி கை காட்டினாள். அவள் அசையவில்லை.

“என்னது? செத்துட்டார்னு நெனச்சியளா? யாரு சொன்னா? போன வருசம் கடல்ல புயக்காத்துல போன வள்ளம். வள்ளமும் கெடைக்கல, ஆளும் கெடைக்கல. அம்புட்டுதான் தெரியும்... கல்லறைத் திருநாளுக்கு செத்தவங்க பேரோட இவர் பேரையும் சேத்து வாசிக்கட்டுமான்னு சாமியாரே வீடு தேடி வந்து கேட்டாரு. கூடாதுன்னுட்டேன். சாமியாரையே விடல, நீங்க யாரு? லேப்புல அத்தன பிள்ளைய பாக்க, ‘ரோச் உயிருடன் இல்லை’ன்னு ஸ்கிரீன்ல வந்துருக்கு!... மன்னிப்பா? எனக்கு எதுக்கு ஒங்க மன்னிப்பு? இவ வந்து என்ன சொல்லுதா தெரியுமா? ‘அம்மா, டீச்சர் ஃபால்ஸ் போட்ட ஒடனே எல்லாம் சரியா ஓடிச்சு’ங்கா. இவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? சொல்லுங்க!”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பேபிக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

“அழாதிய டீச்சர். நீங்களும் அழுதா நான் யார்கிட்ட போயி சண்ட போட?... சரி... சரி. ஆமா, மாத்துங்க. இப்பவே மாத்துங்க... என்ன? ட்ரூன்னு போடட்டுமான்னா கேக்கிய?”

அதைச் சொல்லத்தான் போன் போட்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். இத்தனை நேரம் அடைமழையாகக் கொட்டிய வாயிலிருந்து அந்த ஒரு சொல் வரவில்லை. பிள்ளை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஹலோ... ஆமா, லைன்லதான் இருக்கேன்... வேண்டாம் டீச்சர். ரெண்டும் வேண்டாம். பிள்ள விட்ட மாதிரியே அந்த எடத்த விட்ருங்க... ஓடாதா? ஓடாட்டி போவுது. மார்க்கு வேணும்னா கொறச்சிக்கிடுங்க. அது எரராவே கெடக்கட்டும்... வச்சிருதேன்.”