ஆயுத பூசைக்குக் கவிழ்ந்த நட்சத்திரங்கள்

— நட்சத்திரம் ஒரே வாரத்துல கவுந்துருச்சுன்னு எப்படீங்க சார் எழுதறது?

— கவுந்துதானே இருக்குது, ஹுமேரா? போன வாரம் வரைக்கும் வடக்கு முனை நம்மளப் பார்த்துட்டிருந்துச்சு. இப்பத் தெற்கு.

— நட்சத்திரத்தோட காந்தமுங்க சார். கட்டில் மாதிரி திருப்பிப் போட முடியாதுங்க.

— ஹைட்ரஜன் வெளிச்சம் சொல்லுதே அம்மணி. காந்தம் இருந்தா அதுல ஒரு பங்கு வலமாச் சுத்தும், ஒரு பங்கு இடமாச் சுத்தும். ரெண்டும் இப்ப எடம் மாறியிருக்குது. நீதானே அளந்தே.

— நானேதானுங்க. அதான் பயமா இருக்குது.

— பயம் எதுக்கு? ‘கோவைப் பேராசிரியர் சுந்தரராஜுலு கண்டுபிடிப்பு’ன்னு பத்திரிகைக்காரரு எழுதிக்கிட்டாரு. போட்டோவும் எடுத்துப்போட்டாரு.

— திங்கக்கிழமை எனக்கு பி.எச்டி. வைவா பரீட்சைங்க சார். அத்தா பிரியாணிக்கு ஆள் சொல்லிட்டாங்க. வெளிநாட்டுக்காரங்க முந்தித் தெற்குன்னு எழுதுனதெல்லாம் இப்ப வடக்கா மாறியிருக்குதுன்னுதான் என் தீசிஸே. ஒரு வருசமா இந்த மொட்டைமாடில பனில நின்னு அளந்ததுங்க. இப்ப மறுபடி மாறுச்சுன்னா நான் என்னன்னு சொல்றது?

— மறுபடி மாறிருச்சுன்னு சொல்லு.

— சார், நேத்து மத்த நட்சத்திரங்களையும் பார்த்தனுங்க.

— என்னாச்சு?

— எல்லாமே கவுந்துருக்குதுங்க.

— எல்லாமேவா?

— நாம அளந்தது அத்தனையும். ஆயுத பூசை லீவுக்கு முன்னால ஒரு மாதிரி, பின்னால ஒரு மாதிரி.

— சூலூர் பிளேன் ஏதாச்சும் குறுக்க போயிருக்குமா?

— பிளேன் போனா சத்தந்தானுங்க வரும். வடக்கு தெற்காவாது.

— நட்சத்திரத்துக்கு ஏது அம்மணி ஆயுத பூசை?

— நட்சத்திரத்துக்கு இல்லீங்க சார். நம்ம டெலஸ்கோப்புக்கு இருந்துச்சுங்களே.

— சரி. பாவாத்தாளக் கூப்பிடு.

— பாவாத்தாக்கா, கொஞ்சம் இங்க வாங்க.

— வாரனுங்க. கூட்டிட்டிருந்தேன். என்னங்க சார்?

— ஏம்மா பாவாத்தா, பூசைக்கு டெலஸ்கோப்பச் சுத்தம் பண்ணுனது யாரு?

— நாந்தானுங்க. நம்ம லேப்புல வருசா வருசம் நாந்தானுங்களே. சந்தனம், குங்குமமெல்லாம் வெச்சேன். பொரி கூட நீங்க ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டீங்க.

— உள்ளாற இருக்கற வட்டக் கண்ணாடி?

— அதையுங் கழட்டிச் சோப்புத் தண்ணில கழுவினனுங்க. சாமி முன்னால வெக்கறத அழுக்கோடவா வெக்கறது?

— அது கழுவற கண்ணாடி இல்லம்மா.

— இப்பப் பளிச்சுனு இருக்குதுங்க சார்.

— அக்கா, அதை முன்ன இருந்தாப்பலயே மாட்டுனீங்களா?

— இல்ல கண்ணு. கால் சுத்துத் திருப்பி மாட்டுனேன்.

— சார், அதேதானுங்க. வெளிச்சம் எந்தப் பக்கம் சுத்துதுன்னு காட்டறதே அந்தக் கண்ணாடிதான், அது கால் சுத்துத் திரும்புச்சுன்னா வலமாச் சுத்தறது இடமாத் தெரியும். வடக்கு தெற்காயிரும். நட்சத்திரம் ஒண்ணுமே கவுழலீங்க.

— அப்ப என் கண்டுபிடிப்பு?

— சோப்புத் தண்ணியோட போயிருச்சுங்க சார்.

— பத்திரிகைக்காரருக்குப் போன் பண்ணணும். அந்தப் போட்டோவ வேற எதுக்காச்சும் வெச்சுக்குவாரான்னு கேக்கறேன்.

— தப்பா நெனைக்காதீங்க சார், எனக்கு இப்பத்தான் உசுரு வந்துச்சு. அல்ஹம்துலில்லாஹ், என் தீசிஸ் தப்பிச்சுது. அக்கா, திங்கக்கிழமை நீங்களும் வந்துருங்க. பிரியாணி.

— வாரேன் கண்ணு.

— தப்பா மாட்டிப்போட்டுப் பிரியாணிக்கு வேற போறியாம்மா?

— தப்பா எங்கீங்க சார் மாட்டுனேன்? இந்தத் தடவ கழுவறப்பத்தான் கண்ணாடி ஓரத்துல அம்புக்குறி இருக்கறதையே பார்த்தேன். அதுக்கு நேராத்தான் மாட்டியிருக்கறேன். போன வருசப் பூசைக்குத்தானுங்க பார்க்காம திருப்பி மாட்டிப்போட்டேன்.